ஆலாத் தீடையில் நட்ட குச்சிகள்

1938-ஆம் வருஷம் ஏப்ரல் 26, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு விழித்தேன். படகின் அறைக்குள் வெப்பமானி 81 டிகிரி காட்டியது. தெற்குக் காற்று, மிதமான வேகம். கிழக்கே தேய்பிறைக் கீற்று. தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தேன்: பதினொன்றே கால் அங்குலம். முந்தின நாள் காலையைவிட ஒன்றே முக்கால் அங்குலம் குறைவு. மூன்று பேர் குடித்ததும் சமைத்ததும் சேர்த்து அது நியாயமான செலவுதான் என்று குறித்துக்கொண்டேன். உப்பும் கரித்தூளும் வைத்துப் பல் துலக்கினேன். கடல்தண்ணீரில் முகம் கழுவினேன். பேனாவுக்கு மை நிரப்பி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். 5.30-க்கு நீராகாரம், நான்கு சின்ன வெங்காயம், ஒரு துண்டு புளித்துவையல். 6.10-க்கு நங்கூரம் எடுத்தோம்.

அந்த நாட்குறிப்பு இப்போது எனக்கு எதிரே திறந்து கிடக்கிறது. மணி, அளவு, எண்ணிக்கை எல்லாம் அதிலிருந்து எடுத்தவை. பேச்சுகளை அன்றைக்கு நான் எழுதி வைக்கவில்லை. அவை நினைவில் இருந்தபடி.

படகில் நாங்கள் மூவர். படகுக்குச் சொந்தக்காரர் பொன்னமராவதிப் பக்கத்து எஞ்சினியர். சாலையும் பாலமும் போட்டே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன யாட் அது. இருபத்தெட்டு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், அடியில் ஈயம் பதித்த ஆழமான கட்டை. ‘யாட்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார் எஞ்சினியர். கோட்டைப்பட்டினம் கரையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது ‘தொரை தோணி’.

படகை உண்மையில் ஓட்டியவர் தண்டேல். கோட்டைப்பட்டினத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். சமையலும் அவர்தான். அடிக்கட்டை நாலரை அடி தண்ணீர் கேட்கிறது என்பதை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. “கரைக்கே போக முடியாத தோணியை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது” என்று ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்வார்.

மூன்றாவது ஆள் நான். புதுக்கோட்டையில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். அப்போது வயது நாற்பத்து மூன்று.

நான் அந்தப் படகில் ஏறியதற்கு ஒரே காரணம் ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சு. என் தங்கையைக் கோட்டைப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் கடற்கரையில் உட்கார்ந்து பறவைகளைக் குறித்து வைப்பேன். ஆடி மாதத்தை ஒட்டி, மஞ்சள் அலகும் கறுத்த கொண்டையும் உள்ள பெரிய ஆலாக்கள், பழுப்புப் புள்ளி போட்ட இளசுகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கும். இளசுகள் பறக்கும், ஆனால் மீன் பிடிக்கத் தெரியாது. மணலில் குந்திக்கொண்டு கத்தும். தாய் கொண்டுவந்து ஊட்டும். நான்கு வருஷம் பார்த்து எழுதியாகிவிட்டது. எங்கே பொரிக்கிறது? எந்த மாதத்தில் முட்டையிடுகிறது? கரையில் யாரைக் கேட்டாலும் “தீடையில” என்று கையைத் தென்கிழக்கே நீட்டுவார்கள். தனுஷ்கோடிக்குக் கிழக்கே, இலங்கையை நோக்கி வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளுக்குத்தான் தீடை என்று பெயர். மரம் இல்லை, குடி இல்லை. போகிறவர்கள் மீன்பிடிக்கிறவர்கள் மட்டுமே.

எஞ்சினியரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் படகு ஓட்ட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. திட்டம் இதுதான்: கோடை விடுமுறையில் ஒரு தடவை போய்க் கூடுகளை எண்ணி அடையாளம் வைப்பது. பத்து நாள் கழித்து மறுபடி போய், எத்தனை பொரித்தது, எத்தனை பொரிக்கவில்லை என்று பார்ப்பது. அதற்கு மேல் போக முடியாது. வைகாசி பிறந்தால் காற்று முற்றிவிடும், படகைக் கரையேற்ற வேண்டும். ஆகவே அந்தப் பத்து நாளும் முட்டைகள் வைத்த இடத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நான்கு வருஷக் கேள்வி கேள்வியாகவே நிற்கும். அடுத்த வருஷம் படகு கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. எஞ்சினியரின் மகன் அதை விற்றுவிடச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான்.

அடையாளத்துக்கு மூங்கில் குச்சிகள் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒரு முனையைச் சீவி, மறுமுனையில் இந்தியன் இங்க்கில் ஒன்று முதல் இருநூறு வரை எண் எழுதி, எண் அழியாமல் இருக்க வார்னிஷ் பூசியிருந்தேன். எட்டு நாள் வேலை. என் மனைவி இரண்டு நாள் பேசாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: “வெளக்குமாறு தேஞ்சு போச்சு, ஒன்னு கட்டித் தாங்கன்னு மாசக் கணக்காக் கேக்குறேன். காக்கா குருவிக்குன்னா இருநூறு குச்சி சீவ நேரம் வருது.” புறப்படுவதற்கு முன் விளக்குமாற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

24-ஆம் தேதி விடியற்காலை கோட்டைப்பட்டினத்தில் பாய் ஏற்றினோம். காற்றோ தெற்கு, நாங்கள் போக வேண்டியதும் தெற்கு. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. எங்கள் யாட் ஒரு பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், மறுபக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம் என்று, மாடு சால் ஓட்டித் திரும்புவதுபோலத் திரும்பித் திரும்பி முன்னேறியது. நாட்டுத் தோணிகளுக்கு இது கைவராது என்று எஞ்சினியர் பெருமையாகச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் தண்டேல் மறுத்துப் பேசவில்லை. 25-ஆம் தேதி மாலை முதல் தீடையை அடைந்தோம். அங்கே ஆலா இல்லை. கடலாமை ஒன்று ஏறி இறங்கிய தடம் வண்டிப்பாதை போல் கிடந்தது. அகலம் முப்பத்தொரு அங்குலம். அதை வரைந்துகொண்டேன்.

26-ஆம் தேதிக் காலை இரண்டாவது தீடையைக் கடந்தோம். அதில் ஒரு கீற்றுக் கொட்டகையும், மணலில் பரப்பிய கருவாடும், கரையேற்றிய தோணி ஒன்றும் தெரிந்தன. ஐந்து ஆட்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். தண்டேல் கையைத் தூக்கினார். அவர்களும் தூக்கினார்கள்.

“நம்ம கரை ஆளுகதான். கருவாடு போட வந்திருக்காக” என்றார்.

அதைத் தாண்டி அரை மணி போயிருப்போம். தண்ணீர் பச்சையாக மாறிக் கடலடியில் புல் தெரிந்தது. தண்டேல் என் முழங்கையைத் தொட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினார். இருபது கஜத்தில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று மேலே வந்தது. முதலில் கவிழ்ந்த தோணி என்று நினைத்தேன். அதற்கு மூக்கு இருந்தது. மூக்கின் இரண்டு துளைகளும் மூடி போட்டதுபோல் திறந்தன, ‘பூ’ என்று மூச்சு விட்டது, மூடிக்கொண்டன, அமிழ்ந்துவிட்டது.

“ஆவுளியா” என்றார் தண்டேல் மெதுவாக. “கடல் பசுன்னும் சொல்லுவாக. கீழ புல்லு மேயுது.”

கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். அடுத்த மூச்சு இரண்டு நிமிஷம் பத்து விநாடியில். அதற்கடுத்தது ஒரு நிமிஷம் ஐம்பது. ஒன்று அல்ல, இரண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னது பெரியதன் முதுகை ஒட்டியே வந்தது, மூச்சும் கூடவே விட்டது. பதினோரு மூச்சு வரை எண்ணினேன். பிறகு எஞ்சினியர் தும்மினார். அதோடு இரண்டும் போய்விட்டன. அவர் என்னிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது தீடைக்கு 11.40-க்கு வந்தோம். கால் மைல் தள்ளியிருக்கும்போதே சத்தம் கேட்டது, சந்தையின் சத்தம் போல. தூரக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தீடையின் நடு மேட்டில், ஒரு பெரிய கூடத்து அளவு இடம் முழுக்க வெள்ளையாக ஆலாக்கள். எல்லாம் காற்றைப் பார்த்த முகமாக, ஒன்றுக்கொன்று கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தன. கண்ணாடியைப் பாய்மரத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

உடனே இறங்க வேண்டும் என்று துடித்தேன். தண்டேல் விடவில்லை. “இந்த வெயில்ல தாயை எழுப்பினா முட்டை வெந்து போயிரும். சாயட்டும், போகலாம்.” தீடையின் வடக்கே, காற்று மறைந்த இடத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். அந்த நாலு மணி நேரமும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓர் ஆலா மீனோடு வந்து இறங்கும். இருக்கிற நூற்றுக்கணக்கான பறவைகளில் தன் இணையைத் தேடி ஏழெட்டுப் பேரைத் தாண்டி நடக்கும். தாண்டப்பட்டவை ஒவ்வொன்றும் அதைக் கொத்தும். அது கொத்தை வாங்கிக்கொண்டே நடந்து, சரியான இடத்தில் நின்று, மீனை நீட்டும்.

4.15-க்குக் கைத்தோணியில் கரைக்குப் போனோம். கூட்டம் முழுவதும் எழும்பித் தலைக்கு மேல் சுற்றியது. எஞ்சினியர் குடையை விரித்தார்.

“நீங்க எண்ணுங்க வாத்தியாரே. நான் இங்கிட்டு உக்காந்துக்கறேன். தலையைப் பாத்துப் பேஞ்சு வைக்குதுக” என்றார்.

கூடு என்று ஒன்றும் கிடையாது. மணலில் ஒரு சின்னப் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு முட்டை. கோழி முட்டை அளவு. சில வெள்ளை, சில பால்மஞ்சள், சில லேசான சிவப்பு. எல்லாவற்றின் மேலும் கறுப்பு மையில் கோடும் சுழியும் சொட்டும். புதுப் பேனாவை வாங்கிய பிள்ளை எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த தாளை அது எனக்கு நினைவூட்டியது. ஒன்றின் கிறுக்கல் மற்றொன்றில் இல்லை. ஒவ்வொரு தாயும் தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஒரு பதில் அதில் இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

சித்தன்னவாசல் குகையின் விதானத்தைப் பிள்ளைகளோடு நகலெடுக்கும்போது நூல் பிடித்துக் கட்டம் போடுவோம். அதே முறையை இங்கேயும் வைத்துக்கொண்டேன். நான்கு மூலையில் முளை அடித்து, பத்தடிக்கு ஒரு நூல் கட்டி, கட்டம் கட்டமாகப் போனேன். ஒவ்வொரு முட்டைக்கும் வடபுறம் நான்கு அங்குலம் தள்ளி ஒரு குச்சி. எண்ணைச் சொல்லிக்கொண்டே நட்டேன். தண்டேல் குச்சிக் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். பாதியில் கேட்டார்:

“ஒன்னு விடாமவா?”

“ஒன்னு விடாம” என்றேன்.

“ம்” என்றார். அடுத்த குச்சியை எடுத்து நீட்டினார்.

5.35-க்கு முடிந்தது. 168 முட்டைகள், 168 குச்சிகள். நாங்கள் தண்ணீர் ஓரத்துக்குப் போனதும் பறவைகள் இறங்கின. குச்சிகளைப் பற்றி அவை கவலைப்படவில்லை. ஒன்று 40-ஆம் எண்ணின் மேல் அலகைத் தேய்த்துக்கொண்டது. ஆனால் எந்த முட்டை எந்த நாளில் இட்டது என்று தெரியாமல் எண்ணியது எனக்குக் குறையாகவே இருந்தது. நேற்று இட்டதும் நாளை பொரிக்கப் போவதும் என் நோட்டில் ஒரே மாதிரி ஒரு எண்தான்.

அந்த நேரத்தில்தான் இரண்டாவது தீடையிலிருந்து தோணி வந்தது. காலையில் பார்த்த அதே ஐந்து பேர். இரண்டு ஓலைக் கூடைகளோடு இறங்கி மேட்டைப் பார்த்து நடந்தார்கள். சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நூலுக்கு அருகில் வந்ததும் நின்றார். குச்சிகளைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார்.

“மாப்புள, இங்கிட்டு வந்து பாரு” என்று எங்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னார். “தீடைக்குப் பட்டா வாங்கிட்டாக.”

“அம்புட்டுமா?” என்றார் பின்னால் வந்தவர்.

“ஒரு முட்டை பாக்கியில்ல. சீமைத் தோணியில வந்தவுகளுக்கு ஆலா முட்டை கேக்குது. ஆட்டுக்கறி அலுத்துப் போச்சு போல.”

சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் நூலைத் தாண்டவில்லை. திரும்பிப் போய்த் தோணியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நெருப்பு மூட்டவில்லை. பாத்திரம் இறக்கவில்லை. சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. தண்டேலைக் கேட்டேன்.

“எங்க கரையில குச்சி நட்டா நட்டவன் பொருளுங்க” என்றார். “ஒதுங்குன மரமா இருந்தாலும் சரி, ஆமைக் குழியா இருந்தாலும் சரி. நட்டவன் வந்து பிடுங்குற வரைக்கும் கூடப் பொறந்தவனே ஆனாலும் தொட மாட்டான். இவுக வருஷாவருஷம் இங்கன முட்டை எடுக்க வர்றவுக.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நான் என்னத்தக் கண்டேன்? கட்டுக்கட்டாக் குச்சி சீவி, நம்பரும் போட்டுல்ல கொண்டாந்தீக. தெரிஞ்சுதான் வந்திருக்கீகன்னு நெனச்சேன். ஒன்னு விடாமவான்னு கேட்டேன்ல? ஒன்னு விடாமன்னீகல்ல?”

குடைக்குக் கீழிருந்து எஞ்சினியர் சொன்னார்: “நல்லதாப் போச்சு வாத்தியாரே. பத்து நாளைக்குக் காவல் போட்ட மாதிரி ஆச்சு. விடுங்க.”

உண்மைதான். நான் விரும்பியது அதுவேதான். அந்தப் பத்து நாளும் ஒரு கை அந்த முட்டைகளைத் தொடாது. ஆனாலும் அந்த ஐவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு ஒப்பவில்லை. தண்டேலைக் கூட்டிக்கொண்டு அவர்களிடம் நடந்தேன்.

“வாங்க வாத்தியாரே” என்றார் சிவப்புத் துண்டு. நான் வாத்தியார் என்று எஞ்சினியரின் கூப்பாட்டில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். “முட்டை யாவாரம் எப்படி?”

“யாவாரம் இல்லங்க. எண்ணிப் பாக்க வந்தேன்.”

“எண்ணி?”

“எத்தனை பொரிக்குதுன்னு பாக்கணும்.”

“பாத்து?”

“பாத்து எழுதணும்.”

“எழுதுனா ஆலா படிக்குமா?” என்றார் மாப்பிள்ளை. அதற்கு நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு பேச்சு கொஞ்சம் இளகியது.

கேட்கக் கேட்க விவரம் வந்தது. அவர்களிடம் அரிசி ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. அரிசி ஏற்றிக்கொண்டு கோட்டைப்பட்டினத்திலிருந்து வர வேண்டிய தோணி, தெற்குக் காற்றை மீறி வர முடியாமல் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறது. காற்று தணிய நான்கு நாள் ஆகலாம். அலையில் தண்ணீர் கலங்கி, வலையில் இரண்டு நாளாக ஒன்றும் இல்லை.

“கருவாடு இருக்குதே?” என்று கேட்டேன்.

“அதைத் தின்னா தண்ணி கேக்கும். எங்க குழியில ஒரு நாளைக்கு ஒரு கொடம் ஊறும், அதுவும் கரிக்கும். அஞ்சு பேரு.”

“விட்டுட்டு ஊருக்குப் போயிரலாமே. காத்து அங்கிட்டுத்தானே அடிக்குது?”

“பாதி காஞ்ச சரக்கைப் போட்டுட்டா?” என்றார். “பதினைஞ்சு நாள் ஒழைப்புங்க.”

“அப்ப குச்சியைப் பாக்காம எடுத்திருக்கலாமே” என்றேன். “நாங்க மூணு பேரு. நீங்க அஞ்சு பேரு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல இருந்தது. “அதெப்படி எடுக்கிறது?” என்று மட்டும் சொன்னார்.

எங்களிடம் நாலு படி அரிசி இருந்தது. எஞ்சினியரைக் கேட்டதும் தயங்காமல் இரண்டு படியைக் கொடுக்கச் சொன்னார். திரும்பும் பயணத்துக்கு மீதி வேண்டும். தண்டேல் மணலிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். எட்டு பேரும் குடித்தோம். மறுநாளைக்கு அரிசியை ஓட்டலாம். மற்ற நாட்களுக்கு என்ன செய்வது என்பதை யாரும் பேசவில்லை, நான்தான் பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அப்போது சிவப்புத் துண்டு கேட்டார்: “அது சரி, எண்ணினீகளே, எத்தனை நாள் முட்டை அதெல்லாம்?”

“தெரியாதுங்க.”

“அது தெரியாமவா எண்ணினீக?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படி? குஞ்சு விட்ட முட்டையை ஒலையில போட முடியுமா? தண்ணியில விட்டுப் பாப்போம். நேத்து முந்தாநேத்து முட்டைன்னா அடியில போய்ப் படுத்துக்கும். பத்து நாளுன்னா ஒரு முனையில எந்திரிச்சு நிக்கும். பொரிக்கப் போறதுன்னா மேல வந்து மெதக்கும். படுத்தது எங்களுக்கு. நின்னது, மெதந்தது எல்லாம் அதோட ஆத்தாளுக்கு. இருந்த எடத்துலயே வச்சிருவோம்.”

நான் நோட்டை எடுத்துவிட்டேன். “எத்தனையாவது நாள்ல எந்திரிக்கும்? சரியாச் சொல்லுங்க.”

“சரியாவா? ஆறு, ஏழுல தலையைத் தூக்கும். பத்து, பன்னண்டுல செங்குத்தா நிக்கும். ஒரு மாசம் முன்னபின்ன ஆகும் பொரிக்க.”

“ஒரே ஒரு முட்டையை இப்பக் காட்டுங்களேன்.”

“இப்பவா?” மேட்டைக் காட்டினார். இருட்டிக்கொண்டு வந்தது. பறவைகள் அடைந்துவிட்டன. “இப்பக் கலைச்சா அதுக கண்ணு தெரியாம ஒன்னை ஒன்னு மிதிக்கும். விடியட்டும். ஆனா குச்சி ஒங்களது. நீங்க சொன்னாத்தான்.”

என் நோட்டில் நான்கு வருஷமாக இல்லாத ஒரு வரி அந்த ஆளின் வாயில் இருந்தது. எந்த மாதத்தில் இடுகிறது என்ற கேள்விக்கு, ஒரு சட்டித் தண்ணீர் இருந்தால் அந்தத் தீடையிலேயே பதில் கிடைக்கும். அதற்கு அவர் முட்டையைத் தொட வேண்டும். அவர் தொடுவதற்கு நான் குச்சியைப் பிடுங்க வேண்டும்.

“உங்களுக்கு எத்தனை முட்டை வேணும்?” என்று கேட்டேன்.

“ஒரு அம்பது போதும். அம்புட்டையும் வாரிட்டா அடுத்த வருஷம் எதுக்கு வர்றது?”

“அப்ப இப்படிச் செய்வோம். நாளைக்கு ஒவ்வொன்னா தண்ணியில விட்டுக் காட்டுங்க. படுத்த முட்டைக்கு, அம்பது வரைக்கும், நான் குச்சியைப் பிடுங்கிடறேன். நின்னதுக்கும் மெதந்ததுக்கும் குச்சி அப்படியே நிக்கட்டும், நான் பத்து நாள்ல திரும்பி வர்ற வரைக்கும்.”

“அதை எவனும் தொட மாட்டான்” என்றார் அவர். மற்ற நால்வரும் தலையசைத்தார்கள்.

கைத்தோணியில் திரும்பும்போது எஞ்சினியர் சொன்னார்: “எல்லா முட்டையும் படுத்துட்டா என்ன செய்வீங்க? நேத்துத்தான் மொத்தக் கூட்டமும் இட்டிருக்கலாம். அம்பதைக் கொடுத்தது போக மிச்சமும் பத்து நாள்ல பொரிக்காது. நாம திரும்பி வந்து குச்சியைத்தான் பாக்கணும்.”

“அப்படின்னா ஏப்ரல் கடைசியில இடுதுன்னு எழுதிக்குவேன்.”

“அதுக்கா மூணு நாள் கடல்ல வந்தோம்?”

“அதுக்கும்தான் சார்” என்றேன். கொஞ்ச தூரம் போனபின் அவர், “தண்ணிக்குப் பித்தளைச் சட்டியை எடுத்துக்கங்க. மண் சட்டியில அடி தெரியாது” என்றார்.

அன்று குறிப்பு எழுதி முடித்தபோது, 168 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று பத்தி கோடு போட்டேன்: படுத்தது, நின்றது, மிதந்தது. மூன்றையும் காலியாக விட்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் ஏப்ரல் 27, புதன்கிழமை. 5.25-க்குத் தீடையில் இறங்கினேன். சிவப்புத் துண்டு எனக்கு முன்பே வந்து நூலுக்கு வெளியே குந்தியிருந்தார். கடல்தண்ணீர் நிரப்பிய பித்தளைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் முதல் கட்டத்துக்குள் போனோம். எண் 1-இன் தாய் எழும்பிக் கத்தியது. அவர் முட்டையை எடுக்குமுன் அதன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டார். பிறகு அதைத் தண்ணீருக்குள் விட்டுக் கையை எடுத்தார். அது மெல்ல இறங்கி, அடியில் பக்கவாட்டில் படுத்தது. குச்சியைப் பிடுங்கினேன். முட்டையைக் கூடையில் வைத்தார்.

எண் 2 இறங்கியது, அடியைத் தொட்டது, தயங்கியது, கூர்முனையில் ஊன்றி நிமிர்ந்து நின்றது. ஆடக்கூட இல்லை.

“பன்னண்டு நாள்” என்றார் அவர். அதை எடுத்துத் துண்டின் நுனியால் ஈரம் ஒற்றி, முன்பு மேலே இருந்த பக்கமே மேலே வரும்படி பள்ளத்தில் வைத்தார். நடுப் பத்தியில் முதல் கோட்டை இழுத்தேன்.